சிறாருடன் மலைவழிச் செலவு

மலையேற்றம் என்றவுடன் பனிமுடி தாங்கிய இமயமே பலர் நினைவிற்கு வரும். ஆயின், சிறுவரும் நடந்து மகிழத்தக்க மலைகள் நம் நாட்டில் உள. கள்ளக்குறிச்சிக்கு மேற்கே, கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாய் விளங்கும் கல்வராயன் மலை அத்தகையது. கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்குச் செல்லும் சாலையினருகே பெரியார் அருவி உள்ளது. அதனைக் காணச் சிறிது தொலைவு நடந்தாற் போதும்.

மூத்தோர் முன்னே விரைய, இளையோர் பின்னே தளர்ந்து வருதல் முறையன்று. மிகச் சிறிய குழந்தையின் நடையே அனைவர்க்கும் அளவாதல் வேண்டும். பெரியவருள் ஒருவர் முன்னும் ஒருவர் பின்னுமாகச் செல்லுதல் நன்று.

அருவியருகே விழிப்பு இன்றியமையாதது. கீழே வெயில் எறிக்கும்போதே மலையுச்சியில் மழை பெய்தல் உண்டு. தெளிந்த நீர் திடீரெனக் கலங்கிச் செந்நிறங் கொள்ளினும், சருகும் சுள்ளியும் மிதந்து வரினும், வெள்ளம் அணுகுகின்றது என்று அறிதல் வேண்டும். அக்கணமே குழந்தைகளுடன் மேட்டிற்கு ஏறிவிடுதல் வேண்டும். விட்ட பொருளை எடுக்க மீளுதல் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் அடைமழையில் அருவிப் பக்கம் செல்லாமையே அறிவுடைமை.

இவ்வாறு இன்புற்று இல்லம் மீண்ட குழந்தை, வளர்ந்தபின் இமயத்தையும் நாடும்.