மறைந்தவர் நினைவாக நன்கொடை: அமெரிக்க பீர் ஆலைகளில் நிதி திரட்டப்படுவது ஏன்?

புதுடெல்லி: குடும்பத்தில் ஒருவர் மறைந்தால் அவரது நினைவு நாளில் அன்னதானம் செய்வதும், அவர் பெயரில் மாணவருக்குக் கல்வி உதவி அளிப்பதும் இந்தியாவில் வழக்கம். அமெரிக்காவில் இதே நோக்கத்துடன் குடும்பங்கள் பலவும் நாடும் இடம் ஒன்று இந்தியர்களுக்கு வியப்பளிக்கக்கூடும். அது ஊரில் உள்ள சிறிய பீர் ஆலை.

எப்படி நடக்கிறது?

அமெரிக்காவில் 9,000-க்கும் மேற்பட்ட பீர் ஆலைகள் உள்ளன. அவற்றில் பெரும்பாலானவை உள்ளூர்க்காரர்கள் நடத்தும் சிறு ஆலைகள். ஆலையை ஒட்டிய கூடத்தில் குடும்பங்களும் நண்பர்களும் மாலை வேளைகளில் கூடுவதால், அது ஊரின் பொது இடமாகவே விளங்குகிறது.

மறைந்தவரின் குடும்பத்தார் ஆலை நிர்வாகத்துடன் பேசி ஒரு நாளை முடிவு செய்கின்றனர். அன்றைய விற்பனையில் ஒரு பங்கை, மறைந்தவரைப் பாதித்த நோய்க்கான ஆராய்ச்சி நிறுவனத்துக்கோ, அவர் நேசித்த அறப்பணிக்கோ ஆலை வழங்குகிறது. ஏலம், குலுக்கல் பரிசு ஆகியவற்றின் மூலமும் பணம் சேர்கிறது. சில இடங்களில் மறைந்தவரின் பெயரிலேயே புதிய பீர் தயாரிக்கப்படுவதும் உண்டு.

ஒரு நோயும் இரு குடும்பங்களும்

இந்த வழக்கம் எவ்வளவு தூரம் வளர முடியும் என்பதற்கு 'ஏல்ஸ் ஃபார் ஏ.எல்.எஸ்.' திட்டம் சான்றாக உள்ளது. ஏ.எல்.எஸ். என்பது தசைகளை இயக்கும் நரம்பு செல்களை அழிக்கும் நோய். நடை, பேச்சு, விழுங்குதல், இறுதியில் சுவாசம் என ஒவ்வொன்றாக முடங்கும். நோய் தொடங்கிய இரண்டு முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் பெரும்பாலான நோயாளிகள் உயிரிழக்கின்றனர். நோயாளிகளில் சுமார் 10 சதவீதத்தினருக்கு இது பரம்பரையாக வருகிறது.

பீருக்குக் கசப்பும் மணமும் தருவது ஹாப்ஸ் என்னும் கொடியின் பூ. அமெரிக்காவில் விளையும் ஹாப்ஸில் பெரும்பகுதி வாஷிங்டன் மாநிலத்தின் யாக்கிமா பள்ளத்தாக்கிலிருந்து வருகிறது. அங்கு ஹாப்ஸ் பயிரிடும் குடும்பம் ஒன்று, தங்கள் உறவினர்களை ஏ.எல்.எஸ். நோய்க்குப் பறிகொடுத்த நிலையில், 2013-ம் ஆண்டு இத்திட்டத்தைத் தொடங்கியது. பங்கேற்கும் ஆலைகளுக்குத் தனிக் கலவை ஹாப்ஸ் வழங்கப்படுகிறது. அதைக் கொண்டு தயாரிக்கும் பீரின் விற்பனையில் ஒரு பகுதியை ஆலைகள் நன்கொடையாக அளிக்கின்றன.

அந்தப் பணம் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள ஏ.எல்.எஸ். சிகிச்சை மேம்பாட்டு நிறுவனத்துக்குச் செல்கிறது. அந்த நிறுவனமும் குடும்பப் பாசத்தில் பிறந்ததே. ஸ்டீபன் ஹேவுட் என்பவருக்கு 1998-ல், 29 வயதில், இந்நோய் கண்டறியப்பட்டது. தம்பியைக் காப்பாற்ற மருந்து தேடி, பொறியாளரான அண்ணன் ஜேமி ஹேவுட் 1999-ல் இந்த ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். ஸ்டீபன் 2006-ல் காலமானார். எனினும் ஆராய்ச்சி தொடர்ந்து நடைபெற்று வருகிறது.

எழும் கேள்விகள்

மது விற்று நோய் ஆராய்ச்சிக்குப் பணம் திரட்டுவது பொருத்தமா என்ற விமர்சனமும் உள்ளது. மதுவைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1988-லேயே வகைப்படுத்தியது. பாதுகாப்பான அளவு என்று எதையும் கூற இயலாது என உலக சுகாதார அமைப்பு 2023-ல் தெரிவித்தது. மதுப் பழக்கத்தால் ஒருவரை இழந்த குடும்பத்துக்கோ, புற்றுநோய்க்கு நிதி திரட்டுவோருக்கோ இத்தகைய இடம் பொருந்தாது என்ற வாதத்தைப் புறந்தள்ள முடியாது.

விலையில் எத்தனை சதவீதம், எந்த அமைப்புக்கு என்பதை முன்கூட்டியே எழுத்துபூர்வமாக அறிவிப்பதும் அவசியம். 'ஒரு பகுதி' என்று மட்டும் கூறினால், அது லாபத்திலா, மொத்த விற்பனையிலா என்பது தெரியாமல் போகும்.

இந்தியாவில் இதே வழக்கம் வேரூன்றுவது கடினம். மதுவிலக்கை நோக்கி அரசு முயல வேண்டும் என்று அரசியலமைப்புச் சட்டத்தின் 47-வது பிரிவு கூறுகிறது. தொலைக்காட்சியில் மது விளம்பரத்துக்குத் தடை உள்ளது. மதுக் கொள்கையும் மாநிலத்துக்கு மாநிலம் மாறுபடுகிறது.

இந்தியாவின் முன்னுதாரணம்

ஆனால், இழப்பை அறப்பணியாக மாற்றும் மரபு இந்தியாவுக்குப் புதிதல்ல. தொழிலதிபர் சர் தோரப்ஜி டாடாவின் மனைவி மெஹர்பாய் 1931-ல் ரத்தப் புற்றுநோயால் மறைந்தார். அடுத்த ஆண்டே அவர் நினைவாக ரத்தப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு அறக்கட்டளை அமைத்த தோரப்ஜி, அதே 1932-ல் காலமானார். அவர் தமது சொத்துகளைக் கொண்டு நிறுவிய மற்றொரு அறக்கட்டளையின் முயற்சியால், 1941-ல் மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை திறக்கப்பட்டது. இன்று நாடு முழுவதிலுமிருந்து புற்றுநோயாளிகள் அங்கு சிகிச்சைக்கு வருகின்றனர்.

பீர் ஆலையின் கூடமாயினும் மருத்துவமனையாயினும் நோக்கம் ஒன்றே. தமக்கு நேர்ந்த இழப்பு வேறொரு குடும்பத்துக்கு நேரக்கூடாது என்ற விருப்பமே இந்த நன்கொடைகளுக்கு அடிப்படையாக உள்ளது.