சீலிங்கிற்கு மேலே ஏசி: கொட்டேஷனில் பார்க்க வேண்டியவை

துணிக்கடையோ மருந்தகமோ, ஏசி இல்லாவிட்டால் வாடிக்கையாளர் அதிக நேரம் நிற்பதில்லை. சுவரில் பெட்டியை மாட்டினால் ராக்கை அடிக்க இடம் போய்விடுகிறது. ஆகவே சீலிங்கிற்கும் கூரைக்கும் இடையிலுள்ள வெற்றிடத்தில் இயந்திரத்தை ஏற்றி, டக்ட் வழியாகக் குளிர்காற்றை இறக்கும் முறையை வியாபாரிகள் பலர் விரும்புகின்றனர். கடைக்கு மேலே வீடு வைத்திருப்போர் படுக்கை அறைகளுக்கும் இதையே செய்கின்றனர். பார்வைக்கு அழகுதான். ஆனால் ஒரு கட்டடத்திலேயே ஏசிக்கு மிகக் கடினமான இடம் அந்த வெற்றிடம்தான் என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும்.

நண்பகலில் தகரக் கூரைக்குக் கீழே காற்றின் வெப்பம் 40 பாகை செல்சியஸைச் சாதாரணமாகத் தாண்டிவிடும். அதன் நடுவேதான் 13, 14 பாகைக் குளிர்காற்று டக்டுக்குள் ஓடுகிறது. டக்டின் இணைப்புகளில் கசிவிருந்தால் நீங்கள் காசு கொடுத்துக் குளிராக்கிய காற்று கூரையைக் குளிராக்கும். செலவைக் குறைப்பதற்காக, அறைக் காற்று திரும்பி வரும் டக்டைப் போடாமல் சீலிங் வெற்றிடத்தையே வழியாக விட்டுவிடுவோரும் உண்டு. அப்போது இயந்திரம் கூரைச் சூட்டையே இழுத்துக் குளிராக்கப் பாடுபடும். கூரை பழைய அஸ்பெஸ்டஸ் தகடாக இருந்தால் அதன் தூசும் நாரும் அறைக்குள் வரலாம். இந்த மிச்சம் வேண்டவே வேண்டாம்.

களவுக்குப் பயந்து வெளி யுனிட்டையும் கூரைக்குள் வைக்கச் சொல்வோர் இருக்கின்றனர். 12,000 பீடியூ ஏசி ஒன்று அறையிலிருந்து சுமார் 3.5 கிலோவாட் வெப்பத்தை எடுத்து, தான் உண்ணும் ஏறத்தாழ ஒரு கிலோவாட்டையும் சேர்த்து வெளியே கொட்டுகிறது. மூடிய இடத்தில் கொட்டினால் தன் சூட்டைத் தானே திரும்ப இழுக்கும். மின்கட்டணம் ஏறும், கம்ப்ரஷரின் ஆயுளும் குறையும். களவுக்குப் பயமென்றால் வெளிச்சுவரில் உயரத்தில் காற்றோட்டமுள்ள இரும்புக் கூடு அடிப்பதே வழி.

சரக்குக்கு உண்மையான எதிரி தண்ணீர். எமது கரையோர நகரங்களின் ஈரக்காற்றில் ஒரு தொன் ஏசி மணிக்கு ஒரு லீட்டர் அளவில் நீர் வடிக்கலாம். நான்கு தொன் இயந்திரம் பத்து மணித்தியாலம் ஓடினால் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். இத்தனையும் உங்கள் சாரிகளுக்கும் சேர்ட் துணிகளுக்கும் மேலாகத்தான் ஓடுகிறது. வடிகுழாய் மீற்றருக்கு ஒரு சென்ரிமீற்றராவது சரிய வேண்டும். இயந்திரத்தின் அருகில் குழாயை 'யு' வடிவில் வளைத்து அதில் நீர் நிற்கச் செய்யாவிட்டால், விசிறி அக்குழாய் வழியே காற்றை இழுத்து நீரைத் தட்டிலேயே தேக்கிவிடும். இயந்திரத்திற்குக் கீழே இரண்டாவது தட்டொன்றும், அதில் நீர் ஏறினால் ஏசியைத் தானாக நிறுத்தும் மிதவைச் சுவிட்சும் கட்டாயம் கேளுங்கள். கொட்டேஷனில் முதலில் வெட்டப்படுவது இவைதான். நனைந்து போன ஒரு கட்டுத் துணியின் விலைக்கு முன் அவற்றின் விலை ஒன்றுமில்லை.

டக்டைச் சுற்றிய கண்ணாடிப் பஞ்சின் மேலுள்ள அலுமினியத் தாள் கிழிந்தாலும் அவ்விடத்தில் வியர்த்துச் சொட்டும். எலியும் மரநாயும் கூரைக்குள் வந்தால் முதலில் குதறுவது அதைத்தான். கூரை ஓரத் துவாரங்களுக்குக் கம்பிவலை அடியுங்கள்.

இனிப் பராமரிப்பு. இயந்திரத்திற்கு அருகே ஆள் நுழையக்கூடிய கதவு, ஒரு மின்விளக்கு, சீலிங் தகட்டை மிதிக்காமல் நிற்க ஒரு பலகை ஆகிய மூன்றும் இல்லாவிட்டால் எந்த மெக்கானிக்கும் மேலே ஒழுங்காக வேலை செய்யமாட்டார். காற்று வடிகட்டியை மாதம் ஒருமுறை கழுவ வேண்டும். துணிக்கடையில் பஞ்சு அதிகம், இரு வாரத்துக்கு ஒருமுறை நல்லது. வடிகுழாயில் பாசி பிடிக்கும், அதையும் தண்ணீர் விட்டுப் பாருங்கள். வருடாவருடம் "கேஸ் குறைந்துவிட்டது" என்று நிரப்பிப் பணம் வாங்குபவரிடம், கசிவு எங்கே என்று கேளுங்கள். கேஸ் எரிபொருளைப் போலச் செலவாவதில்லை. குறைந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது.

சீலிங்கை மூடுமுன் தட்டில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றச் சொல்லுங்கள். அது முழுவதும் வெளியே வடிந்ததையும், மிதவையைத் தூக்கினால் ஏசி நிற்பதையும் கண்ணால் கண்ட பின்னரே கடைசித் தவணையைக் கொடுங்கள்.