காந்தலும் கம்பி நாரும்



விஞ்ஞானம் என்றவுடன் ஆய்வுக்கூடமும் கண்ணாடிக் குழாய்களும் உங்கள் நினைவுக்கு வரும். ஆனால் நம் வீட்டு அங்கணத்தில் நாள்தோறும் நடைபெறும் ஒரு வேலையிலும் பௌதிகமும் ரசாயனமும் இணைந்து நிற்கின்றன. அடிப்பிடித்த பாத்திரத்தைத் துலக்கும் வேலையையே குறிப்பிடுகிறேன். கடையில் ஒரு கம்பி நாரை வாங்கி, கை ஓயும் வரை தேய்த்தால் கறை போய்விடும் என்று பலர் எண்ணுகின்றனர். கறை போவது உண்மை. அதனுடன் பாத்திரத்தின் ஒரு பகுதியும் போகிறது என்பதும் உண்மை. எந்தப் பாத்திரத்தைக் கம்பி நாரால் தேய்க்கலாம், எதைத் தேய்க்கலாகாது, அதற்குக் காரணம் யாது என்பனவற்றை இன்று ஆராய்வோம்.

முதலில், காந்தல் என்பது எவ்வாறு உண்டாகிறது? சோறு வேகும்போது பாத்திரத்தில் நீர் இருக்கும் வரை அடிப்பகுதியின் வெப்பம் 100 டிகிரி சென்டிகிரேடை ஒட்டியே நிற்கும். நீர் வற்றியதும் அந்தக் காவல் நீங்கிவிடுகிறது. வெப்பம் விரைந்து ஏறுகிறது. அரிசியிலுள்ள மாவுப்பொருளும், பாலிலுள்ள சர்க்கரையும் புரதமும் சிதைந்து, பழுப்பாகி, முடிவில் கரியாகின்றன. கரி நீரில் கரையாது. எனினும், அக்கரித் துகள்களுக்கு இடையே பாதி கருகிய மாவு பசைபோல் நின்று அவற்றைப் பிணைத்திருக்கும். அந்தப் பசை நீரை உறிஞ்சினால் ஊதும். ஊதினால் பிடி தளரும். இந்த ஒன்றை நினைவிற் கொள்ளுங்கள்.

இனித் தேய்த்தலின் இலக்கணத்தைக் காண்போம். கடினமான பொருள் மென்மையான பொருளைக் கீறும். இவ்விதியைக் கொண்டு 1812-ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் பிரெடரிக் மோஸ் ஓர் அளவு முறையை வகுத்தார். மாக்கல்லின் மூலப்பொருளான டால்க்குக்கு 1, வைரத்துக்கு 10. அந்த அளவின்படி வெள்ளீயத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை, நம் நகத்துக்கு இரண்டரை, அலுமினியத்துக்கு அதனினும் சற்றே மிகுதி, செம்புக்கு 3, இரும்புக்கு 4, குவார்ட்ஸ் என்னும் படிகக் கல்லுக்கு 7. எஃகு, இரும்பினும் கடினமானது.

செங்கற்பட்டிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் சென்றால் மாமல்லபுரத்தை அடையலாம். ஏழாம் நூற்றாண்டில் பல்லவர் காலத்துச் சிற்பிகள் குடைந்தெடுத்த அந்தப் பாறைகளில் குவார்ட்ஸ் மணிகள் கலந்துள்ளன. அவை உளியின் முனையையே மழுங்கச் செய்பவை. கடற்கரை மணலில் பெரும்பகுதியும் அதே குவார்ட்ஸ்தான். கடலோரக் குப்பங்களில் அம்மணலை ஒரு பிடி அள்ளிக் குண்டான் துலக்குவதை நான் கண்டிருக்கிறேன். கறை நொடியில் அகலும். ஆனால் 7 என்னும் கடினம் அலுமினியத்தின்மீது பாயும்போது குண்டானும் தேயத்தானே வேண்டும்? செங்கற்பட்டுச் சீமையின் நெல் விளையும் ஊர்களில் உமிச்சாம்பலால் துலக்கும் வழக்கம் இருந்தது. அதிலும் மணலிலுள்ள சிலிகாவே மிகுதி. ஆயினும் அது நுண்ணிய பொடி. ஆகவே அது இடும் கீறலும் நுண்ணியது. கடினம் மட்டுமன்றித் துகளின் பருமனும் கணக்கில் வரும் என்பதை இதனால் அறியலாம்.

இனிப் பாத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம். 1898-ஆம் ஆண்டில் ஆல்பிரட் சாட்டர்டன் என்பார் சென்னைக் கலைப் பள்ளியில் அலுமினியப் பாத்திரம் செய்யும் தொழிலைத் தொடங்கிவைத்தார். அலுமினியத்தைக் காப்பது, காற்றுப் பட்டவுடன் அதன்மேல் தானே படியும் மிக மெல்லிய ஆக்சைடுப் படலம். கம்பி நார் அந்தப் படலத்தைக் கிழித்து உலோகத்தையும் சுரண்டுகிறது. தேய்க்கும்போது கையில் ஒட்டும் சாம்பல் நிற அழுக்கில், சுரண்டப்பட்ட அலுமினியமும் உண்டு.

ஈயம் பூசிய பித்தளைப் பாத்திரத்தில் கம்பி நாரை வைக்கவே கூடாது. மேற்பூச்சாகிய வெள்ளீயம் மிக மென்மையானது. அது நீங்கினால் உள்ளிருக்கும் செம்புக் கலவையைப் புளிப்பு தாக்கும். நஞ்சாகிய களிம்பு உண்டாகும். பழக்கிய இரும்புத் தோசைக்கல்லின் மேல் எண்ணெய் இறுகி உண்டான படலமே தோசையை ஒட்டாமற் காக்கிறது. கம்பி நார் அதனையும் போக்கிவிடும். ஒட்டாத பூச்சுள்ள இக்காலத்து வாணலிக்கும் இதே தீங்கு நேரும்.

எஞ்சியிருப்பது எவர்சில்வர். இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரில் 1913-ஆம் ஆண்டில் ஹாரி பிரியர்லி உருவாக்கிய துருப்பிடியா எஃகின் வழிவந்தது இது. குறைந்தது நூற்றுக்குப் பத்தரைப் பங்கு குரோமியம் இதில் உண்டு. அந்தக் குரோமியத்தின் ஆக்சைடுப் படலமே இதற்குக் கவசம். அடிகனத்த எவர்சில்வர் பாத்திரம் கம்பி நாரைத் தாங்கும். ஆனால் அந்த நாரும் துருப்பிடியா எஃகாலேயே ஆனதாக இருத்தல் வேண்டும். சாதாரண இரும்பு நாரின் நுண்துகள் பாத்திரத்தில் படிந்தால் அத்துகள் துருவேறும். கடற்கரை ஊர்களில் இது மேலும் விரைந்து நிகழும். உப்பிலுள்ள குளோரைடு, எஃகின் கவசத்தை ஊசிமுனை போலத் துளைக்க வல்லது. மாமல்லபுரத்துக்குத் தெற்கேயுள்ள கல்பாக்கத்தில், இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்து விஞ்ஞானிகள் எஃகின் அரிமானத்தைத் தனித்துறையாகவே ஆராய்கின்றனர். அணு உலையில் ஆராயப்படும் அதே பகை நம் அடுப்படியிலும் உண்டு.

நான் தலைமையாசிரியனாக இருந்தபோது எட்டாம் வகுப்பு மாணவர்களைக் கொண்டு ஒரு சோதனை செய்வித்தேன். ஒரே அளவுள்ள இரண்டு புதிய அலுமினியக் குண்டான்களில் கஞ்சியை அடிப்பிடிக்க விட்டோம். ஒன்றை உடனே கம்பி நாரால் தேய்த்தனர். மற்றொன்றில் நீரூற்றி இரவு முழுவதும் ஊறவிட்டு, காலையில் அந்நீரையே கொதிக்கவைத்து, தேங்காய் நாரால் துலக்கினர். இரண்டும் தூய்மையாயின. மறுநாள் இரண்டிலும் மீண்டும் கஞ்சி காய்ச்சினோம். கம்பி நார் பட்ட குண்டானில்தான் கஞ்சி மிகுதியாகப் பற்றிக்கொண்டது. மாணவர்கள் பூதக்கண்ணாடி கொண்டு பார்த்தனர். கீறல்கள் உழுத சால்களைப்போல் விளங்கின. அவற்றிற்குள் மாவு புகுந்து வேரூன்றியிருந்தது. இன்று நாம் இடும் கீறலே நாளைய கறைக்கு இடங்கொடுக்கிறது.

ஆகையால் முறை இதுதான். பாத்திரம் தானே ஆறட்டும். சூட்டோடு குளிர்நீர் ஊற்றினால் அடி வளைந்துவிடும். பிறகு நீரூற்றி ஊறவிடுங்கள். எவர்சில்வராயின் ஒரு கரண்டி ஆப்பசோடா இட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவைக்கலாம். அலுமினியத்துக்குச் சோடா ஆகாது. காரம் அதனை அரித்துக் கறுக்கச் செய்யும். அதற்குப் புளிநீர் ஏற்றது. தளர்ந்த காந்தலை மரக்கரண்டியால் நெம்பி, தேங்காய் நாரோ பீர்க்கங்கூடோ கொண்டு துலக்குங்கள். இதற்கும் அசையாத கறை எவர்சில்வரில் இருந்தால் மட்டும், கடைசியாகக் கம்பி நாரை மெல்லப் பயன்படுத்துங்கள்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. இறைச்சி வாட்டும் இரும்புத் தட்டைத் தேய்க்கும் கம்பித் தூரிகையிலிருந்து முறிந்த கம்பியை உணவோடு விழுங்கிய ஆறு பேரைப் பற்றி, 2012-ஆம் ஆண்டில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் ஓர் அறிக்கை வெளியிட்டது. சிலருக்குத் தொண்டையிலும், சிலருக்குக் குடலிலும் அக்கம்பி தைத்திருந்தது. நம் வீட்டுக் கம்பி நாரும் பழையதானால் உதிரும். உதிரத் தொடங்கிய நாரை அன்றே எறிந்துவிடுங்கள். தேய்த்த பாத்திரத்தை இருமுறை நீர்விட்டு அலசி, வெளிச்சத்திற் பிடித்துப் பாருங்கள்.

மாணவர்களே, இவற்றைக் கேட்டு, பாத்திரம் துலக்குவது தாய்க்கோ தமக்கைக்கோ உரிய வேலை என்று இருந்துவிடாதீர்கள். காந்தல் பிடித்த பாத்திரத்தோடு அவர்கள் போராடும் நேரத்தில் பெரும்பகுதியை, முதல் நாள் இரவில் நீங்கள் ஊற்றும் இரண்டு செம்பு நீர் மிச்சப்படுத்திவிடும். இன்றிரவே ஊற்றிப் பாருங்கள்.