கைக்குப் பொய் சொல்லாத கைப்பிடி

கம்ப்யூட்டர் திரையில் ஓடும் பந்தயக் காருக்கு, பழைய பைக் உதிரிபாகங்களில் நிஜ பிரேக்.

பனி படர்ந்த மலைப்பாதை. எதிரே கொண்டை ஊசி வளைவு. ஓட்டுநர் ஸ்டீயரிங்கை ஒடித்து, ஹேண்ட்பிரேக்கை வெடுக்கென்று இழுக்கிறார். பின்சக்கரங்கள் ஒரு கணம் நின்றுவிட, காரின் வால் வீசித் திரும்புகிறது. பனியும் மலையும் கம்ப்யூட்டர் திரையில். நிஜமானது ஒன்றுதான்: கைப்பிடிக்குக் கீழே அழுந்தும் பிரேக் ஆயில்.

'சிம் ரேசிங்' என்ற இந்தப் பந்தயத்தை வெறும் விளையாட்டு என்று ஒதுக்குவது கடினம். வீடியோ கேம் போட்டி வழியாக 2011-ல் நிசானின் ஓட்டுநரான பிரிட்டிஷ் இளைஞர் ஜான் மார்டன்பரோ, 2013-ல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் நிஜக் காரே ஓட்டினார். ஆனால் பழகும் கருவி கைக்குப் பொய் சொல்லக் கூடாது.

மலிவான ஹேண்ட்பிரேக்குகள் சொல்லும் பொய் இதுதான்: கைப்பிடி எவ்வளவு தூரம் நகர்ந்தது என்பதை மட்டுமே அவை அளக்கின்றன. ராலி காரில் கை அறிவது தூரத்தை அல்ல, பலத்தை. பலத்தை அளக்கும் ஹைட்ராலிக் கருவிகளின் விலையோ கையைக் கடிக்கும். எனவே ஆர்வலர்கள் தாங்களே செய்யத் துணிகிறார்கள். பெங்களூர்க்காரர்களுக்கு அலைச்சல் குறைவு: ஜே.சி. ரோட்டில் வண்டி உதிரிபாகம், பக்கத்திலேயே எஸ்.பி. ரோட்டில் மின்னணுச் சாமான்.

பைக் டிஸ்க் பிரேக்கின் மாஸ்டர் சிலிண்டர்தான் இதயம். கைப்பிடி பிஸ்டனைத் தள்ள, ஆயிலின் அழுத்தம் பிரஷர் சென்சாரில் 0.5 முதல் 4.5 வோல்ட் வரையிலான மின்சாரமாகிறது. ஆர்டுயினோ லியனார்டோ போன்ற சிறு சர்க்யூட் போர்டு அதை எண்ணாக்கி யுஎஸ்பி வழியே கம்ப்யூட்டருக்கு அனுப்புகிறது.

பலரும் சறுக்குவது கணக்கில். 10 கிலோ பலத்தில் இழுத்தால், ஐந்துக்கு ஒன்று நெம்புகோலில் பிஸ்டன் மீது 50 கிலோ. பிஸ்டனின் விட்டம் 12.7 மில்லிமீட்டர் என்றால் அழுத்தம் சுமார் 560 பிஎஸ்ஐ. 500 பிஎஸ்ஐ சென்சார் அதற்கு முன்பே திணறிவிடும். பிறகு எவ்வளவு இழுத்தாலும் அதே எண்தான். 1,000 பிஎஸ்ஐ சென்சார் தேவை.

அடுத்த சறுக்கல், சென்சாரை மட்டும் மாட்டி மூடிவிடுவது. திரவம் அழுந்திச் சுருங்காது. கைப்பிடி கற்சுவர் போல நிற்கும். ஒரு ஸ்லேவ் சிலிண்டர் சேர்த்து, அது கெட்டி ரப்பரை அழுத்தும்படி அமைத்தால்தான் கைக்கு உணர்வு கிடைக்கும். குழாயில் காற்றுக்குமிழி தங்கினால் கைப்பிடி பஞ்சாகிவிடும். பிரேக் ஆயிலுக்குப் பதில் என்ஜின் ஆயில் ஊற்றினால் உள்ளிருக்கும் ரப்பர் சீல்கள் ஊதிக் கெடும். பிரேக் ஆயிலும் சாதுவல்ல. சிந்தினால் பெயிண்ட்டை அரித்துவிடும்.

இவ்வளவு பாடுபட்டுச் செய்தது நன்றாக வேலை செய்தால், அதை நிஜக் காரில் பூட்டிப் பார்க்கும் ஆசை வரலாம். வேண்டாம். வீட்டில் கசிந்தால் தரைவிரிப்பு பாழாகும். சாலையில் கசிந்தால் உயிர் போகும்.