தொலைக்காட்சியில் தோன்றப் பணம் கட்டலாமா?

ஆரோவிலைச் சுற்றியுள்ள வானூர், மரக்காணம் பகுதிகளில் மணிலாவைக் காயாக விற்காமல், செக்கில் ஆட்டி எண்ணெயாக விற்போர் உண்டு. இத்தகையோரிடம், "பேட்டி எடுத்துத் தொலைக்காட்சியில் காட்டுகிறோம், இவ்வளவு கட்டணம்" என்று கேட்டால் கொடுக்கலாமா?

கணக்குப் பார்த்தே முடிவு செய்தல் வேண்டும். ஒரு பேச்சுக்குக் கட்டணம் ரூ.20,000, லிட்டருக்கு நிகர லாபம் ரூ.20 என்று கொள்வோம். போட்ட பணம் திரும்பவே 1,000 லிட்டர் கூடுதலாக விற்றாக வேண்டும். 100 கிலோ பருப்பை ஆட்டினால் சுமார் 40 கிலோ, அதாவது 44 லிட்டர் எண்ணெய் கிடைக்கும். ஆகவே 1,000 லிட்டருக்கு ஏறத்தாழ 2,300 கிலோ பருப்பு தேவை. காயாகக் கணக்கிட்டால் 3 டன்னுக்கு மேல்! ஓரிரு ஏக்கர் வைத்திருப்பவர் வெளியில் காய் வாங்க நேரிடும். லாபமும் குறையும், தரமும் கையை விட்டுப் போகும்.

கோவையில் நிகழ்ச்சியைப் பார்ப்பவர் எண்ணெய்க்காக மரக்காணம் வரப்போவதில்லை. உணவுப் பாதுகாப்புப் பதிவு எண்ணுடன் புட்டியில் அடைத்து, ஒழுகாமல் அனுப்ப வசதி இல்லையேல் தொலைபேசி மணி அடிப்பதோடு சரி.

சென்னைத் தொலைக்காட்சியின் 'வயலும் வாழ்வும்' நிகழ்ச்சியில் பேசிய விவசாயிகள் பணம் கட்டித் தோன்றியவர்கள் அல்லர். பணம் பெற்று ஒளிபரப்புவது விளம்பரமே. விளம்பரம் நிகழ்ச்சியிலிருந்து தெளிவாக வேறுபட்டிருக்க வேண்டும் என்பது 1994ஆம் ஆண்டு கேபிள் தொலைக்காட்சி விதி.

எல்லா வசதியும் உடையவர் கட்டுவதானால், ஒளிபரப்பும் நாள், நேரம், நிமிடக் கணக்கு ஆகியவற்றை முன்னதாக எழுத்தில் பெற்றுக்கொள்வது நல்லது. மற்றவர்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் ஒரு பலகை வைத்து, ஒரு பருவம் விற்றுப் பார்க்கலாம்.