இரைப்பைப் புற்றுநோய்: சத்திரசிகிச்சைக்குப் பின் வரும் இரத்த அறிக்கைகள்

இரைப்பைப் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர் இருக்கும் வீட்டில், சில மாதங்களுக்கு ஒருமுறை ஒரு பதற்றமான வாரம் வரும். இரத்தம் கொடுத்த நாளிலிருந்து அறிக்கை வரும்வரை ஒருவருக்கும் சாப்பாடு இறங்காது. இப்போது வைத்தியரைக் காணுமுன்பே அறிக்கை கைத்தொலைபேசிக்கு வந்துவிடுகிறது. சிவப்பு நிறத்தில் ஓர் இலக்கத்தைக் கண்டு, இரவோடிரவாக எம்மை அழைத்த உறுப்பினர்களும் உண்டு. எனவே இவ்விலக்கங்கள் எதைச் சொல்கின்றன, எதைச் சொல்வதில்லை என்று இம்முறை பார்ப்போம்.

ரியூமர் மாக்கர் எனப்படும் புற்றுநோய்க் குறிகாட்டிகள், புற்றுநோய்க் கலங்கள் உண்டாக்கி இரத்தத்தில் கலக்கும் பொருட்கள். இரைப்பைப் புற்றுநோயில் பெரும்பாலும் பார்க்கப்படுபவை சி.இ.ஏ., சி.ஏ. 19-9 ஆகிய இரண்டும். சில நாடுகளில் சி.ஏ. 72-4உம் பார்க்கிறார்கள். இவற்றுள் சி.இ.ஏ.யை 1965இல் கண்டறிந்தவர்கள், இங்கே கனடாவில், மொன்றியல் மக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பில் கோல்ட், சாமுவேல் ஃபிரீட்மன் என்ற இருவர். அவர்கள் அதைக் கண்டது பெருங்குடற் புற்றுநோயில். புற்றுநோய்க்கென்றே ஒரு தனி அடையாளம் கிடைத்துவிட்டது என்ற நம்பிக்கை அப்போது எழுந்தது. ஆனால் வேறு காரணங்களாலும் அது உயரும் என்பது பின்னர் தெரியவந்தது.

சி.இ.ஏ. வழக்கமாக 5க்குக் கீழும், சி.ஏ. 19-9 வழக்கமாக 37க்குக் கீழும் இருக்கவேண்டும் என்பார்கள். புகைப்பிடிப்பவருக்கு சி.இ.ஏ. சற்றுக் கூடுதலாகவே இருக்கும். ஈரல் நோயிலும் அது உயரும். பித்தக்கல் குழாயை அடைத்தாலோ, மஞ்சட்காமாலை வந்தாலோ, சதையி வீங்கினாலோ சி.ஏ. 19-9 நன்றாகவே ஏறிவிடும். எம்மவரிடையே பரவலாக உள்ள நீரிழிவு கட்டுப்பாடின்றி இருந்தாலும் அது ஓரளவு கூடலாம். இதற்கு மறுபக்கமும் உண்டு. நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேரின் உடலால், பிறவியிலேயே, சி.ஏ. 19-9ஐ உண்டாக்க முடியாது. இது லூவிஸ் என்ற இரத்தவகையைப் பொறுத்த விடயம். அவர்களுக்கு நோய் திரும்பினாலும் அந்த இலக்கம் பெரிதாக அசையாது.

ஆகவே முதலில் கேட்கவேண்டிய கேள்வி, "சத்திரசிகிச்சைக்கு முன் எவ்வளவு இருந்தது?" என்பதுதான். அப்போது உயர்ந்திருந்து, சத்திரசிகிச்சைக்குப் பின் சில வாரங்களில் இறங்கியிருந்தால், அந்தக் குறிகாட்டி அவருக்கு நல்ல காவற்காரன். மீண்டும் அது ஏறும்போது கவனிக்கவேண்டும். இறங்கவேயில்லை என்றால் எங்கேனும் நோய் எஞ்சியிருக்கிறதா என்று வைத்தியர்கள் தேடுவார்கள். தொடக்கத்திலேயே உயராதிருந்தவருக்கோ, "நோர்மல்" என்ற சொல்லில் பெரிய ஆறுதல் தேடமுடியாது.

அடுத்தது, இலக்கம் போகும் போக்கு. 3 இருந்தது 4 ஆனதை வைத்துக் கவலைப்பட வேண்டியதில்லை. 4, 9, 20 என்று தொடர்ந்து ஏறினால் அது வேறு கதை. ஆய்வுகூடத்துக்கு ஆய்வுகூடம் அளக்கும் முறை மாறுவதால், இயன்றவரை ஒரே இடத்தில் பரிசோதியுங்கள். கீமோதெரபி நடக்கும் காலத்தில் தற்காலிகமாக ஏறி இறங்குவதும் உண்டு. ஏற்றம் சந்தேகத்தைத் தந்தால் மீண்டும் பரிசோதித்து, பின்னர் சி.ரி. ஸ்கானுக்கு அனுப்புவார்கள். சிலருக்கு ஸ்கானில் தெரியுமுன்பே குறிகாட்டி உயர்வதுண்டு. வயிற்றறையின் உட்சவ்வில் மெல்லியதாகப் படரும் நோய் ஸ்கானிலும் எளிதில் அகப்படாது.

"யப்பானிலும் கொரியாவிலும் ஒழுங்காகப் பார்க்கிறார்களாமே, ஊரிலும் பார்க்கிறார்களே, இங்கே ஏன் இல்லை?" என்று பலர் கேட்கிறார்கள். இங்குள்ள வைத்தியரின் அசட்டை என்று நாம் நினைக்கவில்லை. திரும்பி வரும் இரைப்பைப் புற்றுநோயை முற்றாகக் குணப்படுத்துவது அரிது. இரத்தத்தில் சற்று முந்தி அறிந்துகொள்வதால் ஆயுள் நீள்கிறது என்பது இன்னும் நிறுவப்படவில்லை. அதனாலேயே மேலைநாட்டு வழிகாட்டிகள் இதை எல்லோருக்கும் வழமையாகப் பரிந்துரைப்பதில்லை. நோய் திரும்பும் வாய்ப்பைக் கணிக்க, கட்டி இரைப்பைச் சுவரில் எவ்வளவு ஆழம் போயிருந்தது, எத்தனை நிணநீர்க் கணுக்களில் இருந்தது என்பவையே கூடுதலாக உதவும். அந்த நோய்க்கூற்று அறிக்கையின் பிரதி ஒன்றை வீட்டில் வைத்திருங்கள். திரும்பும் நோயில் பெரும்பங்கு முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் வருகிறது. ஐந்து ஆண்டுகளுக்குப் பின் வருவது குறைவு.

விழுங்கச் சிரமம், வயிறு ஊதுதல், கண் மஞ்சளாதல், நின்றிருந்த எடைக் குறைவு மீண்டும் தொடங்குதல் ஆகியவை கண்டால், சென்ற மாத அறிக்கை நன்றாக இருந்ததே என்று காத்திருக்காமல் வைத்தியரிடம் போங்கள்.

இன்னொன்று. முழு இரைப்பையும் அகற்றப்பட்டவரின் உடல் உணவிலுள்ள விற்றமின் பி12ஐப் போதியளவு உறிஞ்சாது. ஈரலில் உள்ள சேமிப்பு தீரச் சில ஆண்டுகள் ஆகும் என்பதால் குறைபாடு மெதுவாகவே வெளிப்படும். கால் விறைப்பும் களைப்பும் வந்தபின்தான் பலருக்குத் தெரிகிறது. அவர்களுக்கு ஆயுள் முழுதும் பி12 தேவை. அடுத்தமுறை இரத்தம் கொடுக்கும்போது பி12ஐயும் இரும்புச்சத்தையும் சேர்த்துப் பார்க்கும்படி கேளுங்கள்.