பனி சுமந்து வந்த கற்கள்

வட ஜெர்மனியின் ஏரிக்கரைகளிலும் பால்டிக் கடற்கரையிலும் கிடக்கும் கற்களில் பெரும்பாலானவை அந்த மண்ணில் பிறந்தவை அல்ல. ஸ்வீடன், நார்வே, பின்லாந்து நாடுகளின் பாறைகளிலிருந்தும் பால்டிக் கடலின் அடித்தளத்திலிருந்தும் பெயர்க்கப்பட்டு, நகரும் பனிப்பாளத்தில் சிக்கி, பல நூறு கிலோமீட்டர் தெற்கே வந்து சேர்ந்தவை. இந்தக் கற்களையும் அவற்றுக்குள் இருக்கும் தொல்லுயிர் எச்சங்களையும் தேடிச் சேர்ப்பது ஜெர்மனியில் நீண்டகால வழக்கம். பள்ளிப் பிள்ளைகள் முதல் ஓய்வுபெற்றவர்கள் வரை பலரும் குனிந்த தலையோடு கரையில் நடப்பதை அங்கே காணலாம். பெரிய கருவியோ செலவோ இல்லாமல் இயற்கை அறிவியலுக்குள் நுழைய இதைவிட நல்ல வாசல் குறைவு.

கற்கள் எப்படி அங்கே வந்தன என்ற கேள்வி 19ஆம் நூற்றாண்டு அறிஞர்களை வெகுகாலம் அலைக்கழித்தது. வடதுருவப் பனி ஒரு காலத்தில் ஜெர்மனி வரை பரவியிருந்தது என்று ரைன்ஹார்ட் பெர்ன்ஹார்டி 1832இலேயே எழுதினார். அதை ஏற்பார் இல்லை. சமவெளி முழுவதும் கடல் மூடியிருந்தது, மிதந்து வந்த பனிப்பாறைகள் உருகியபோது கற்கள் கீழே விழுந்தன என்பதே அன்று பெரும்பாலோர் நம்பியது. 1875 நவம்பர் 3ஆம் தேதி ஸ்வீடன் நாட்டு நிலவியலாளர் ஓட்டோ டோரெல் பெர்லினில் ஜெர்மன் நிலவியல் சங்கத்தின் முன் பேசினார். பெர்லினுக்குக் கிழக்கே ரூடர்ஸ்டோர்ஃப் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் பாறையின் மேற்பரப்பில் இருந்த இணையான கீறல்களை அவர் கண்டிருந்தார். அடியில் கற்கள் பதிந்த கனத்த பனி தரையோடு உராய்ந்து நகர்ந்தால்தான் அத்தகைய கீறல்கள் உண்டாகும். மிதக்கும் பனி என்ற கருத்து அதன்பின் மெல்ல மெல்லக் கைவிடப்பட்டது.

ஸ்காண்டிநேவியப் பனி ஒருமுறை அல்ல, பலமுறை ஜெர்மனிக்குள் இறங்கியது. கடைசிப் படையெடுப்பு ஏறக்குறைய 20,000 ஆண்டுகளுக்கு முன் உச்சத்தில் இருந்தது. அந்தப் பனி பின்வாங்கியபோது விட்டுச்சென்ற குழிகளிலும் உருகுநீர்க் கால்வாய்களிலும் நீர் தேங்கி உருவானவையே மெக்லென்பர்க் பகுதியின் ஏரிகள். முழுவதும் ஜெர்மனிக்குள்ளேயே அடங்கும் ஏரிகளில் மிகப் பெரியதான, சுமார் 117 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள மியூரிட்ஸ் அவற்றில் ஒன்று. பனி எவ்வளவு தொலைவு தெற்கே வந்தது என்பதையும் கற்களே காட்டித் தருகின்றன. பால்டிக் வட்டாரத்துச் சக்கிமுக்கிக் கல் எந்த இடத்துக்குத் தெற்கே கிடைப்பதில்லையோ, அதுவே பனியின் எல்லை. சாக்சனி, தூரிங்கியா மாநிலங்கள் வழியே செல்லும் இந்தச் சக்கிமுக்கிக் கல் எல்லையில் சில இடங்களில் நினைவுக்கற்கள் நடப்பட்டுள்ளன.

பனியின் வலிமையைப் புரிந்துகொள்ள பெர்லினின் பழைய அருங்காட்சியகத்துக்கு முன்னால் இருக்கும் கருங்கல் கிண்ணத்தைப் பார்த்தால் போதும். ஏறத்தாழ 7 மீட்டர் விட்டமுள்ள அந்த ஒற்றைக்கல் கிண்ணம், ஃபூர்ஸ்டன்வால்டே ஊருக்கு அருகே ரவுவன் குன்றில் கிடந்த பெரிய மார்க்கிராஃபன்ஸ்டைன் என்ற பாறையின் ஒரு பகுதி. 1827இல் அதைப் பிளந்து, கிறிஸ்டியான் காட்லீப் கான்டியான் என்ற கல்வினைஞர் கிண்ணமாக்கினார். அந்தப் பாறையும் பனி கொண்டுவந்ததே.

சேகரிப்பவருக்கு இதில் உள்ள இன்பம், கையில் இருக்கும் கல்லின் ஊரைக் கண்டுபிடிப்பது. எல்லாக் கல்லிலும் அது முடியாது. உலகில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் காணப்படும் பாறை வகையாக இருந்தால்தான் முடியும். அப்படிப்பட்டவற்றை வழிகாட்டிக் கற்கள் எனலாம். செம்பழுப்பு அல்லது சாம்பல் நிறப் பரப்பில் சாய்சதுர வடிவப் படிகங்கள் பதிந்த பார்ஃபிரி கிடைத்தால், அது நார்வேயின் ஆஸ்லோ வட்டாரத்து எரிமலைக் குழம்பு. சிவந்த கருங்கல்லில் வட்டவட்டமான படிகங்களும் அவற்றைச் சுற்றி வெளிறிய பச்சை வளையமும் தெரிந்தால் அது ராப்பகிவி. பின்லாந்துக்கும் ஸ்வீடனுக்கும் நடுவே உள்ள ஆலண்ட் தீவுகளிலிருந்து வந்திருக்கலாம், வயது சுமார் 160 கோடி ஆண்டு. இவ்வாறு ஒரே மேட்டில் கிடைக்கும் வழிகாட்டிக் கற்களை எண்ணிக் கணக்கிட்டு, அந்தப் பனி எந்தத் திசையிலிருந்து வந்தது என்பதை நிலவியலாளர்கள் வரைபடமாக்குகிறார்கள்.

தொல்லுயிர் எச்சம் தேடுபவர் கருங்கல்லைத் தள்ளிவைத்துப் படிவுப் பாறைகளைப் பார்க்க வேண்டும். வெளிர்நிற மணற்கல்லில் பென்சில் பருமனில் இணையான குழாய்கள் நெட்டுக்குத்தாக ஓடினால், அவை 50 கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் மணலில் வாழ்ந்த புழுப்போன்ற உயிரிகளின் வளைகள். செம்பழுப்புச் சுண்ணாம்புக்கல்லில் அறை அறையாகத் தடுக்கப்பட்ட நீண்ட கூம்பு தெரிந்தால், அது கணவாயின் தொலைதூர உறவான ஒர்த்தோசெராஸ். இக்கல் பெரும்பாலும் ஸ்வீடனின் ஓலாண்ட் தீவுப் பக்கத்தது. டிரைலோபைட்டுகள் என்ற அழிந்துபோன கடல் கணுக்காலிகளும் இத்தகைய கற்களில் கிடைப்பதுண்டு. ஆனால் முழு உடல் அபூர்வம். ஒரு வால், ஒரு கன்னம், அவ்வளவுதான் பெரும்பாலும் மிஞ்சும்.

உள்ளூர்க் கல்லும் உண்டு. மெக்லென்பர்க்கில் ஏரிகள் சூழ்ந்த ஷ்டெர்ன்பெர்க் ஊர்ப் பக்கம் கிடைக்கும் துருநிறக் கல்லை மக்கள் 'ஷ்டெர்ன்பெர்க் கேக்' என்றே அழைக்கிறார்கள். உடைத்தால் உள்ளே நத்தைகளும் சிப்பிகளும் சுறாப் பற்களும் நெருக்கமாகப் பதிந்திருக்கும். சுமார் 2.5 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கிருந்த கடலின் புயல் ஒதுக்கிய குவியல் அது. பல சிப்பிகளின் ஓட்டுப் பொருள் இன்னும் மாறாமல் இருப்பது வியப்பூட்டும். வட ஜெர்மனியில் ஒருவர் ஒரே ஒரு வகைக் கல்லைத்தான் தேடலாம் என்றால், இதைத்தான் தேட வேண்டும்.

கடற்கரையில் புகழ் பெற்றது ரூகென் தீவு. அதன் யாஸ்முண்ட் பகுதியில் வெண்சுண்ணப் பாறை செங்குத்தாக நிற்கிறது. கோனிக்ஸ்ஷ்டூல் என்னும் முகடு 118 மீட்டர் உயரம். கிரீட்டேசியக் காலத்தின் இறுதிக் கட்டத்தில், ஏறக்குறைய 7 கோடி ஆண்டுகளுக்கு முன், நுண்பாசிகளின் ஓடுகள் கடலடியில் படிந்து உண்டான பாறை அது. அலை அதை அரிக்க அரிக்கச் சக்கிமுக்கிக் கற்களும் எச்சங்களும் கரையில் விழுகின்றன. தோட்டா வடிவில் தேன்நிறமாகக் கிடைப்பவை பெலம்னைட்டுகள். கணவாய் இனத்தைச் சேர்ந்த உயிரியின் உட்கூட்டு நுனி. இடி விழுந்த இடத்தில் உண்டாகும் ஆப்பு என்று அந்நாட்டு மக்கள் நம்பியதால், இடி ஆப்பு என்ற பொருளிலேயே இன்றும் பெயர் வழங்குகிறது. அரியலூர், பெரம்பலூர் வட்டாரத்தில் காரை கிராமத்தை ஒட்டிய களிமண் மேடுகளைப் பார்த்தவர்களுக்கு பெலம்னைட் புதிதல்ல. அங்குள்ளவை ரூகெனின் எச்சங்களைவிட மூத்தவை, ஆனாலும் அதே கிரீட்டேசியக் காலத்துக் கடல் உயிரிகள்.

கடல் முள்ளெலிகளின் உட்புறம் சக்கிமுக்கியால் நிரம்பி இறுகி, ஐந்து வரிசைப் புள்ளிகளோடு உருண்டையாகக் கிடைக்கும். இயற்கையாகத் துளை விழுந்த சக்கிமுக்கிக் கல்லைக் கோழிக்கூண்டில் கட்டித் தொங்கவிட்டால் கோழிகளுக்குத் தீங்கு வராது என்பது பழைய நம்பிக்கை. இன்று அது நல்வாய்ப்பின் அடையாளமாக வீட்டு வாசல்களில் கோத்துத் தொங்கவிடப்படுகிறது.

இந்தக் கரை ஆபத்தானதும்கூட. மழைக்கும் பனி உருகலுக்கும் பின் சுண்ணப்பாறை சரியும். விஸ்ஸோவர் கிளிங்கன் என்ற புகழ்பெற்ற கொடுமுடிகள் 2005 பிப்ரவரியில் கடலில் விழுந்தன. 2011 டிசம்பரில் தீவின் வடக்கே ஆர்க்கோனா முனையில் நிகழ்ந்த சரிவில் ஒரு சிறுமி உயிரிழந்தாள். செங்குத்துப் பாறையின் அடிவாரத்தில் நின்று தேடுவது, எந்த எச்சத்துக்காகவும் செய்யத்தகாத செயல்.

அம்பர் தேடுவோருக்கு வேறோர் எச்சரிக்கை உண்டு. பழங்கால மரங்களின் பிசின் இறுகி உண்டான அம்பர் மிக இலேசானது. குளிர்காலப் புயலுக்குப் பின் கடற்பாசி, மரத்துண்டுகளோடு கரை ஒதுங்கும். இரண்டாம் உலகப் போரில் வீசப்பட்ட எரிகுண்டுகளின் வெண்பாஸ்பரசும் அதே மஞ்சள் நிறத்தில், அதே தோற்றத்தில் ஒதுங்குகிறது. 1943 ஆகஸ்டில் பிரிட்டன் குண்டு வீசிய பேனமுண்டே அமைந்திருக்கும் யூசடோம் தீவில் இது குறிப்பாகத் தொல்லை தருவது. ஈரமாக இருக்கும்வரை சும்மா இருக்கும். காய்ந்து உடற்சூடு பட்டதும் தானாகத் தீப்பற்றி 1,300 டிகிரி வரை எரியும். ஆகவே அம்பர் போலத் தோன்றும் எதையும் சட்டைப்பையிலோ கால்சட்டைப் பையிலோ போடக் கூடாது. மூடியுள்ள தகர டப்பாவில் போட்டு, உடம்பிலிருந்து தள்ளி வைத்துக் காயவிட வேண்டும். அதன்பின் உப்பு நிறையக் கரைத்த நீரில் இட்டுப் பார்க்கலாம்: அம்பர் மிதக்கும், கல்லும் கண்ணாடியும் மூழ்கும்.

அம்பர் ஏரியிலும் உண்டு. பிட்டர்ஃபெல்ட் நகருக்கு அருகே கோயிட்ஷே பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் 1975 முதல் கிழக்கு ஜெர்மனி அம்பரை வெட்டி எடுத்தது. சுரங்கம் மூடப்பட்ட பின் அந்தப் பள்ளத்தில் நீர் விடத் தொடங்கினார்கள். 2002 ஆகஸ்டில் முல்டே ஆற்று வெள்ளம் உள்ளே பாய்ந்து மிகச் சில நாட்களில் அதை நிரப்பிவிட்டது. இன்று அது மக்கள் குளிக்கவும் படகோட்டவும் வரும் ஏரி.

தெற்கே நிலை வேறு. போடன் ஏரியின் கற்கள் ஆல்ப்ஸ் மலையிலிருந்து ரைன் பனியாறு கொண்டுவந்தவை. அந்த ஏரியை ஒட்டிய ஓனிங்கன் ஊரின் கல்லுடைப்புக் களத்தில், சுமார் 1.3 கோடி ஆண்டுகளுக்கு முந்திய நன்னீர்ப் படிவில் கிடைத்த ஓர் எலும்புக்கூட்டை, சூரிச் மருத்துவர் யோஹான் யாக்கோப் ஷொய்க்ட்சர் 1726இல் நோவா காலப் பெருவெள்ளத்தில் மாண்ட மனிதன் என்று அறிவித்தார். 1811இல் ஹார்லெம் நகரில் ஜார்ஜ் கூவியே கல்லை மெல்லச் சுரண்டி முன்னங்கால்களை வெளிப்படுத்தினார். அது ராட்சத சாலமாண்டர் என்பது தெளிவாயிற்று. ஷொய்க்ட்சரின் பெயரையே அந்த விலங்கு இன்றும் தாங்கி நிற்கிறது.

தேடுவதற்கு உகந்த நேரமும் இடமும் உண்டு. ஏரியில் கடலளவு அலை இல்லை என்பதால், மேற்குக் காற்று அறையும் கிழக்குக் கரைகளே களிமண்ணைக் கழுவிக் கல்லை நன்றாக வெளிக்காட்டும். கோடை முடிவில் நீர் வற்றும்போது கரை அகலும். நனைந்த கல்லில் நிறமும் வரியும் தெளிவாகத் தெரியும். கரையிலேயே தேட வேண்டும் என்பதில்லை. உழவர்கள் வயலிலிருந்து பொறுக்கி வரப்போரம் குவித்த கற்குவியலும், அனுமதி பெற்று நுழையும் சரளைக்கல் குழியும் பலநேரம் கூடுதலாகவே தரும்.

சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். கரையில் உதிர்ந்து கிடப்பதில் சிறிதளவை வீட்டுக்கு எடுத்துச் செல்வதைப் பொதுவாக யாரும் தடுப்பதில்லை. ஆனால் இயற்கைக் காப்பகங்களிலும் தேசியப் பூங்காக்களிலும் கட்டுப்பாடு கடுமையானது. மியூரிட்ஸின் கிழக்குக் கரையும் யாஸ்முண்ட் பாறைகளும் 1990 முதல் தேசியப் பூங்காக்களுக்குள் இருப்பவை. கற்காலக் கருவி போல் செதுக்கிய சக்கிமுக்கிக் கல் கிடைத்தால் அது தொல்பொருள். தொல்லியல் துறைக்குத் தெரிவிக்க வேண்டியது.

கிடைத்த ஒவ்வொன்றோடும் இடமும் தேதியும் எழுதிய சீட்டு இருக்க வேண்டும். கல்லின் பிறந்த ஊரைக் கல்லே சொல்லிவிடும். அது வந்து சேர்ந்த ஊரைச் சேகரித்தவர்தான் சொல்ல முடியும். பனி ஓடிய பாதையை வரைய இரண்டும் தேவை. இக்கற்களை ஆராய்வதற்கென்றே கூர்ட் ஹுக்கே 1924இல் ஒரு சங்கம் தொடங்கினார். 1985இல் ஹாம்பர்க்கில் அது புத்துயிர் பெற்றது. தொழில்முறை நிலவியலாளர்களும் பொழுதுபோக்குச் சேகரிப்பாளர்களும் அதில் சேர்ந்தே இயங்குகிறார்கள், ஒருவர் கண்டெடுத்ததை மற்றவர் இனம் காண்கிறார்.